பதினான்கில் இரண்டு

உக்கடத்திலிருந்து கிணத்துக்கடவு போகும் வரை, முப்பது நாளில் ஆங்கிலம் பேசவைப்பதாகச் சொல்லும் விளம்பரப் பலகைகள் இருபத்து மூன்று இருக்கின்றன. போகும்போது இடப்பக்கம் பதினைந்து, வலப்பக்கம் எட்டு. நான் ஓர் உதவி பெறும் பள்ளியில் முப்பத்து மூன்று வருடம் ஆங்கில இலக்கணம் நடத்தியவன். முப்பது நாளில் ஒரு வகுப்பை 'ஐ ஆம் போரிங்' என்று சொல்லாமல் இருக்க வைக்கக்கூட என்னால் முடிந்ததில்லை. போர்டு என்றால் சலித்துப்போனவன். போரிங் என்றால் மற்றவரைச் சலிக்க வைப்பவன். எழுந்து நின்று, தான் சலிக்க வைப்பவன் என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டு உட்கார்ந்த பையன்களை ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணி வந்தேன். அறுநூற்று நாற்பதில் நிறுத்திக்கொண்டேன். பலரைப் பொறுத்தவரை அந்த வாக்குமூலம் உண்மையாகவும் இருந்தது.

ஆங்கிலக்காரன் ஓர் உணர்ச்சியை நான்கு அறைகளில் வைத்துப் புழங்குகிறான். கோபம் என்கிற பெயர் ஓர் அறை: ஆங்கர். கோபமாக இருக்கிற ஆளைச் சொல்ல இன்னோர் அறை: ஆங்கிரி. கோபத்தோடு கதவைச் சாத்துவது மூன்றாவது: ஆங்கிரிலி. அடுத்தவரைக் கோபப்படுத்துவது நான்காவது. அதற்கு முதல் அறைச் சொல்லையே தூக்கிவந்து வினையாக்கிக்கொள்வான். எல்லா உணர்ச்சிக்கும் நான்கு அறை கிடைப்பதில்லை. சாரி என்பது வெறும் பெயரடை. நான் இப்படி இருக்கிறேன் என்று சொல்லலாம், அவ்வளவுதான். அதை வைத்து யாரையும் எதுவும் செய்ய முடியாது. ஹேப்பிக்குப் பெயர் உண்டு, பெயரடை உண்டு, வினையடை உண்டு. வினை கிடையாது. இந்த ஹேப்பியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வரும்.

நம் ஊர் இந்த அறைகளை எல்லாம் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டது. எந்தச் சொல் வந்தாலும் ஆகு, பண்ணு என்ற இரண்டில் ஒன்றை ஒட்டவைத்தால் தீர்ந்தது. டென்ஷன் ஆகாதீங்க. ஷாக் ஆயிட்டேனுங்க. ரொம்ப ஃபீல் பண்றாப்ல. சாரி என்பதைக் கடையில் கேட்டு வாங்கும் சாமான் ஆக்கிவிட்டார்கள். அவன் சாரி கேட்டான், இவன் சாரி கேட்கவில்லை என்று பஞ்சாயத்து நடக்கிறது. காலை நடையில் என் முன்னும் பின்னும் வருகிறவர்கள் பேசுவதை ஒரு வாரம் எண்ணினேன். டென்ஷன் நூற்றுப் பதினெட்டு முறை. இவர்களில் பாதிப் பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். மீதிப் பேர் ஒரு நாளும் வேலைக்குப் போகாதவர்கள்.

இதையெல்லாம் கண்டு முகம் சுளிக்கிறவனுக்கு ஒரு மகள் பிறந்து அவளும் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போனால் என்ன ஆகும் என்பதுதான் நான் எழுத வந்தது.

அவளுக்கு நாற்பது வயது. கிணத்துக்கடவில் தென்னந்தோப்புக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். தேங்காய் உரிக்கும் களத்துக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில், ஞாயிற்றுக்கிழமை தோறும் சுற்றுவட்டாரப் பெண்களுக்கு வகுப்பு எடுத்தாள். களத்தில் கணக்கு எழுதும் பெண், தையல்காரி, அங்கன்வாடி ஆயா, பெட்ரோல் பங்கில் நிற்பவள் என்று முப்பத்தெட்டுப் பேர். பலகை வாங்கியதும் விளம்பரம் எழுதி மாட்டாமல் அதில் பாடம் எழுதினாள் என்பதை மட்டும் அவளுக்குச் சாதகமாகச் சொல்லலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தை அந்தப் பெண்களில் யாரோ கைப்பேசியில் படம் பிடித்து இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். பதினொரு நிமிடம் நாற்பது நொடி. பாடம், உணர்ச்சிச் சொற்கள்.

பலகையில் நான்கு கட்டம் போட்டிருந்தாள். கோபத்துக்கு அவள் கொடுத்த உதாரணங்கள் இவை: என் மாமியாரின் கோபம். என் கோபக்கார மாமியார். என் மாமியார் கோபமாகக் கதவைச் சாத்தினார். இந்தக் கேள்வி என் மாமியாரைக் கோபப்படுத்தும். நான்கு கட்டத்திலும் ஒரே மாமியார். பெண்கள் சிரித்த சிரிப்பில் தகரக்கூரை அதிர்ந்தது. பிறகு, பால் பாத்திரத்தில் இருந்தால் பெயர், பொங்கினால் வினை, பொங்கின பால் என்றால் பெயரடை, பொங்கப் பொங்க ஊற்றினால் வினையடை என்று விளக்கினாள். இலக்கணத்தை அடுப்படிக்குக் கொண்டுபோகிற இந்த வேலை எனக்கு அறவே ஆகாது. இந்தப் பால் அதற்குப் பிறகு பல நாள் காலையில் காப்பி குடிக்கும்போது என் மண்டையில் பொங்கிக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

படத்துக்குக் கீழே, பார்த்தவர்கள் எண்ணிக்கை நாலாயிரத்து அறுபது என்று போட்டிருந்தது. ஏற்றி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. என் பழைய வருகைப் பதிவுக் குறிப்புகளை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். முப்பத்து மூன்று வருடத்தில் என் முன்னால் உட்கார்ந்தவர்கள் மூவாயிரத்து எண்ணூற்றுப் பதினோரு பேர். கூட்டி முடித்துவிட்டுத்தான் நோட்டையும் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டு படத்தை மறுபடி ஓடவிட்டேன்.

பதினான்கு தவறு என்று எண் போட்டு எழுதி, படத்துக்குக் கீழே எல்லாரும் பார்க்கும்படி பதிந்தேன். எழுத்துப் பிழை நான்கு. உச்சரிப்பு ஐந்து. உதாரண வாக்கியங்களில் மூன்று. கட்டங்களை நிரப்பியதில் இரண்டு. அதோடு விட்டிருக்கலாம். அதை அப்படியே எங்கள் பங்காளிகள் கைப்பேசிக் குழுவிலும் போட்டேன். நூற்று இருபத்தாறு பேர் இருக்கிற குழு அது. தினமும் காலையில் ரோஜாப்பூப் படமும் வணக்கமும் தவிர வேறெதுவும் போட்டறியாதவர்கள். அன்று மட்டும் சுறுசுறுப்பாகிவிட்டார்கள். வாத்தியாரய்யா புள்ளைக்கே பதினாலு தப்பா என்று ஒருவர். சிரிக்கும் பொம்மை போட்டவர்கள் முப்பத்தொரு பேர். அந்த முப்பத்தொன்றில், படத்தைத் திறந்து பார்த்தவர் மூன்று பேர்கூட இருக்கமாட்டார்கள். ஒரு வரி ஆங்கிலம் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.

மறுநாள் படத்தைக் காணோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் இல்லை. மகள் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். சண்டை பிடிக்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அம்மாவிடம் மட்டும் பேசுவாள். நான் கைப்பேசியை வாங்கினால் அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் குரல் வரும். நல்லா இருக்கறீங்களா மாமா, மழை உண்டுங்களா என்று கேட்பார். நானும் பதில் சொல்வேன். பதினாறு மாதம் இப்படிப் போயிற்று. பதினாறு மாதமும் நான் செய்தது சரி என்றுதான் நினைத்தேன். தவறைத் தவறு என்று சொல்வதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள், சம்பளம் நின்ற பிறகும் சொல்கிறேன், அவ்வளவுதானே என்று இருந்தேன்.

இந்த நிலையில் மகனுக்குக் கல்யாணம் கூடிவந்தது. அவனுக்கு முப்பத்தாறு வயது. பார்த்த ஜாதகம் எண்பத்தொன்று. பெண்வீட்டார் சம்மதம் சொன்ன அன்று அவன் கைப்பேசியில் எதையோ எழுதிப் போட்டான். எட்டிப் பார்த்தேன். ஃபீலிங் பிளெஸ்ட் என்று இருந்தது. பத்து நாள் கழித்து ஒரு படமும் போட்டான். அதில் அவனும் அந்தப் பெண்ணும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஓடுகிறார்கள். வால்பாறை வரைக்கும் நாற்பது கொண்டையூசி வளைவு ஏறிப் போய் எடுத்ததாம். எதற்கு ஓடுகிறார்கள் என்று கேட்டேன். எமோஷன்ப்பா, உங்களுக்குப் புரியாது என்றான். எனக்குப் புரிந்தது. ஓடினால் எமோஷன், நடந்தால் இல்லை.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்கு அவன் உடன்பிறந்தவளை இணையாக நிறுத்திச் செய்கிற சீர். சீர்களை முன்னின்று நடத்தும் அருமைக்காரர் சொல்லச் சொல்ல, கூறைப்புடவையை நடுவில் வைத்து அக்காளும் தம்பியும் அதைப் பிடிக்க வேண்டும். கூடப் பிறந்தவள் இல்லாதவனுக்குப் பங்காளி வீட்டுப் பெண் நிற்பாள். இருந்தும் வராவிட்டாலும் அதே பங்காளி வீட்டுப் பெண்தான் நிற்பாள். ஆனால் அப்போது மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேரும் அவளைப் பார்க்கமாட்டார்கள். வராதவளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படி வராமல் போனவள் இனிமேல் பிறந்த வீட்டுப் படி ஏறுவதும் கடினம்.

இணைச்சீருக்கு நிற்கிறவளை நேரில் போய், தட்டு வைத்து, பெற்றவர்கள் இருவரும் சேர்ந்து அழைக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் நான் போகவில்லை. வீட்டுப்பெண்ணுக்கு எதற்கு அழைப்பு என்று சொல்லிக்கொண்டேன். எங்கள் ஊரில் இப்படிச் சொல்லிக்கொண்டு உறவைக் கெடுத்துக்கொண்ட வீடுகள் எனக்குத் தெரிந்து ஒன்பது. பத்தாவது என்னுடையதாகும் என்று எனக்குத் தோன்றவில்லை. பத்திரிகையை மட்டும் கைப்பேசியில் அவளுக்கு அனுப்பினேன். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். நடந்துபோன எதனாலாவது உனக்கு வருத்தம் ஏற்பட்டிருந்தால் அது வருந்தத்தக்கது என்று பொருள்படும் வரி. நான்கு முறை திருத்தி எழுதியது. வருந்துகிறேன் என்ற வினையைப் போட்டால் வருந்துகிறவன் யார் என்பது வந்து நின்றுவிடும். பெயரடையாகப் போட்டால் ஆளே வேண்டாம். முப்பத்து மூன்று வருட அனுபவம் அதற்காவது உதவியது. இரண்டு நீலக் குறி விழுந்தது. ஒன்பது நாள் பதில் இல்லை.

பத்தாம் நாள் என் மனைவி நான் அழைப்புக்காகப் போட்டு வைத்திருந்த பட்டியலை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. எண் தெரியும்.

"இருநூத்திப் பதினாலு ஊடு எழுதியிருக்கறீங்க. நம்ம புள்ளை ஊடு இதுல எத்தனையாவதுங்க?"

மகள் வீடு பட்டியலில் இல்லை என்று சொன்னேன்.

"பங்காளி மக கிட்ட நேத்து ஜாக்கெட் அளவு கேட்டாங்களாமா. நிக்கறதுக்குத் தயாரா இருக்கச் சொல்லி யாரோ சொல்லியிருக்கறாங்க. நீங்களா?"

நான்தான். ஒரு முன்னெச்சரிக்கைக்காக என்றேன். அவள் பட்டியலை மடித்து என் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தாள். அந்த அளவுக்குச் சத்தமில்லாமல் அவள் எதையும் மடித்து நான் பார்த்ததில்லை. அன்று இரவுச் சாப்பாடு என் தட்டில் இருந்தது, எதிரில் அவள் இல்லை. கை கழுவிவிட்டு வந்து நோட்டை எடுத்தேன். பதினாறு மாதத்துக்கு முன்னால் எழுதிய அந்தப் பட்டியலை முதலிலிருந்து படித்தேன். எனக்கு என்ன தெரியுமோ அதுதான் அதில் இருந்தது. புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை.

விடிந்ததும் கிளம்பலாம் என்றேன். அவள் ஏற்கெனவே வெற்றிலை வாங்கி வைத்திருந்தாள்.

பொள்ளாச்சிப் பேருந்து. பலகைகளை எண்ணியது அப்போதுதான். மனைவி மடியில் வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு தேங்காய். மகள் வீட்டுக் களத்தில் அன்றைக்கு மலையாகக் குவிந்துகிடந்தது தேங்காய். அதன் ஓரமாக எங்கள் ஒற்றைத் தேங்காயைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். கொட்டகை திறந்திருந்தது. உள்ளே சாக்கு அடுக்கியிருந்தார்கள். பலகை சுவரில் திருப்பிச் சாத்தியிருந்தது.

வாசலுக்கு வந்து வரவேற்றாள். வாங்க. உக்காருங்க. பஸ்சுல கூட்டமுங்களா? தண்ணி குடிங்க. இட்லி வைக்கட்டுங்களா? எங்கள் ஊர்ப் பேச்சில் ங்க என்பது மரியாதை. அதை அளவோடு போட்டால் மரியாதை. ஒவ்வொரு சொல்லுக்கும் போட்டால், வந்தவன் வெளியாள் என்று பொருள். உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் எண்ணினேன். ங்க பதினெட்டு. அப்பா ஒன்றுகூட இல்லை. என்னைக் கூப்பிட வேண்டிய இடத்தில் ஏனுங்க என்றாள். பேருந்து நிலையத்தில் வழி கேட்கிறவர்கள் அப்படிக் கூப்பிடுவார்கள். ஆங்கிலக்காரன் நான்கு அறை கட்டி வைத்துக்கொண்டும் இந்த ஒரு கோபத்தை வைக்க அவனிடம் இடமில்லை என்று நினைத்தேன். நினைத்ததில் எனக்கு எந்தப் பெருமையும் கிடைக்கவில்லை, ஏனென்றால் அந்தக் கோபம் என்மேல்தான் இருந்தது.

மாப்பிள்ளை களத்திலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். மழையைப் பற்றிக் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் திரும்பிப் போய்விட்டார். மனைவி தட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று முறை தனியாக வந்து பேசிப் பார்த்தவள் அவள். இந்த முறை பேச வேண்டியது நான்தான் என்று வழியிலேயே சொல்லிவிட்டாள்.

கோபமாக இருக்கிறாயா என்று கேட்டேன். உலகத்திலேயே முட்டாள்தனமான கேள்வி அது என்று கேட்டவுடன் தெரிந்தது.

"கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. கோவம்னா சண்டை போட்டிருப்பேன். நீங்க பண்ணுனது எளக்காரமுங்க. எளக்காரத்துக்கு என்னன்னு திருப்பிப் பேசறது?"

இளக்காரத்துக்கு ஆங்கிலத்தில் கன்டெம்ப்ட் என்று பெயர். பெயரடை இருக்கிறது, வினையடை இருக்கிறது. அந்தச் சொல்லிலிருந்து பிறந்த வினையை நான் எந்த வகுப்பிலும் நடத்தியதில்லை. செய்வதற்கு வேறொரு சொல்லைக் கடன் வாங்க வேண்டும். நான் வேறு எந்தச் சொல்லையும் கடன் வாங்காமலே செய்திருந்தேன். இதை அவளிடம் சொல்லியிருந்தால் எங்களை அப்போதே பேருந்து நிறுத்தத்துக்கு அனுப்பியிருப்பாள். அதனால் சொல்ல வந்ததைச் சொன்னேன்.

"பதினாலு இல்ல. பன்னெண்டுதான்."

அவள் கையில் இருந்த தம்ளரைக் கீழே வைத்தாள்.

"என்னதுங்க?"

"ரெண்டு தப்பே இல்ல. எழுதும்போதே எனக்குத் தெரியும். பன்னெண்டுன்னா டஜன் மாதிரி இருந்துது. பதினாலுன்னு போட்டாத்தான் எண்ணி எடுத்த மாதிரி இருக்கும்னு போட்டேன்."

எந்த ரெண்டு என்று கேட்டாள். சொன்னேன். துயரம் என்று பொருள்படும் சாரோ என்ற சொல்லை வினைக் கட்டத்தில் போட்டிருந்தாய், அது பெயர் மட்டும்தான் என்று நான் எழுதினேன், பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே அதை வினையாக நடத்தியிருக்கிறேன். இன்னொன்று ஹேப்பி. வினைக் கட்டத்தில் எதையும் எழுதாமல் ஒரு கோடு போட்டிருந்தாய். விட்டுவிட்டாய் என்று எழுதினேன். அங்கே எழுதுவதற்கு ஒன்றும் கிடையாது. கோடுதான் சரி.

மகள் பேசியபோது அவள் குரலில் ங்க குறைந்திருந்ததா என்று கவனிக்கவில்லை. எண்ணாமல் விட்ட ஒரே இடம் அது.

"அந்தக் கோட்டுக்கு நான் ரெண்டு நாள் டிக்சனரி பொரட்டியிருக்கறேன். ஒண்ணும் கெடைக்கலைன்னுதான் கோடு போட்டேன். எழுத்துப் பிழையெல்லாம் நாந்தான் பண்ணுனேன், ஒத்துக்கறேன். அந்தக் கோட்டைத் தப்புன்னு நீங்க எழுதுன பொறகுதான், எனக்கு நெசமாலுமே ஒண்ணும் தெரியலை போலிருக்குதுன்னு நெனைச்சேன். கொட்டாயைப் பூட்டினது அதுக்குத்தான். நீங்க சொல்லிப்போட்டீங்கன்னா அது சரியாத்தான் இருக்கும்னு நெனைச்சேன்."

என் மனைவி இப்போது என்னைப் பார்த்தாள். நாற்பத்து மூன்று வருடத்தில் அவள் என்னைப் பல விதமாகப் பார்த்திருக்கிறாள். இது புதிது. நான் வாங்கிய சம்பளத்தில் இந்த ஒரு பொய்க்கும் பங்கு உண்டா என்று கேட்கிற பார்வை.

தவறு என்னுடையது என்றேன். மகள் தலையை ஆட்டினாள். ஏற்றுக்கொண்டதாக இல்லை. போதாது என்றுதான் தெரிந்தது.

"எங்கிட்டச் சொன்னாப் போதுமுங்களா? பதினாலுன்னு எங்கெங்க சொன்னீங்களோ, அங்க சொல்லுங்க."

படம் இருந்த இடம் அழிந்துபோயிற்று. மிஞ்சியிருந்தது பங்காளிகள் குழு. நூற்று இருபத்தாறு பேர் பதினாறு மாதத்தில் நூற்று முப்பத்தொன்று ஆகியிருந்தார்கள். அங்கேயே உட்கார்ந்து, ஒற்றை விரலால், அவள் பார்த்துக்கொண்டிருக்க எழுதினேன். என் மகள் வீடியோவில் பதினான்கு தவறு என்று இங்கே எழுதியிருந்தேன். அவற்றில் இரண்டு தவறல்ல. எழுதும்போதே எனக்கு அது தெரியும். தவறு என்னுடையது. பதினேழு சொல். அதில் உணர்ச்சியைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. எழுத இருபது நிமிடம் ஆயிற்று. வயதுதான்.

குழுவினர் உடனே பதில் அனுப்பினார்கள். கும்பிடும் கை ஒன்பது. சூப்பருங்க பெரியப்பா என்று ஒருவர். யார் வீட்டிலோ துக்கம் என்று நினைத்துக்கொண்டு ஆழ்ந்த இரங்கல் என்று போட்டார் இன்னொருவர். மூன்றாவது ஆள் ரோஜாப்பூ. இந்தக் கூட்டத்தின் சிரிப்புக்காகவா நான் என் மகளை இழந்தேன் என்று நினைத்தபோது, அவர்கள்மீது எனக்கு எப்போதும் உள்ள இளக்காரம் கூடிற்றே ஒழியக் குறையவில்லை. ஆனால் இந்த முறை அந்தப் பட்டியலில் என் பெயரையும் சேர்த்து எண்ண வேண்டியிருந்தது.

மகள் தன் கைப்பேசியில் அதை ஒருமுறை படித்தாள். உள்ளே போய் மாப்பிள்ளையைக் கூட்டிவந்தாள். இருவரும் நின்று தட்டை வாங்கிக்கொண்டார்கள். என் மனைவி இருபத்தைந்தாம் தேதி காலையில் இணைச்சீர், முந்தின நாளே வந்துவிட வேண்டும் என்றாள். மகள் பாக்கலாமுங்க என்றாள். எங்கள் ஊரில் பாக்கலாமுங்க என்றால் ஆமாம் என்றும் இருக்கும், இல்லை என்றும் இருக்கும். கிளம்பும்போது நான் வாரேன் என்றேன். அவள் அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

வீட்டுக்கு வந்து பங்காளி மகளைச் சேலையோடு தயாராகவே இருக்கச் சொன்னேன். இருபத்தோரு நாள் இருந்தது. ஒரு நாளும் கைப்பேசி எனக்காக அடிக்கவில்லை. மாப்பிள்ளைகூட மழையைப் பற்றிக் கேட்கவில்லை.

மண்டபம் அவிநாசியில். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறரை மணி வரைக்கும் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களை எண்ணினேன். வரவேற்பு என்ற சாக்கு இருந்ததால் யாரும் என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டாவது ஆளாகக் கிணத்துக்கடவு மாப்பிள்ளை வந்தார். நானூற்றுப் பதின்மூன்று அவள். கையில் பெட்டி, முகத்தில் பயணக் களைப்பு. என்னைக் கடந்து உள்ளே போனாள். போகிற போக்கில் என் பக்கத்து நாற்காலியைக் கொஞ்சம் வழியிலிருந்து தள்ளிப் போட்டாள், அவ்வளவுதான். பங்காளி மகளைத் தேடிப் போய், சேலையை மடித்து உள்ளே வைத்துவிடச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு முகம் வாடிப்போயிற்று. அதற்கும் நான்தான் காரணம்.

மறுநாள் காலை சீர் தொடங்கியது. மகன் மணையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் அக்காள். நடுவில் கூறைப்புடவை. அருமைக்காரர் ஒவ்வொன்றாகச் சொல்லி நடத்திக்கொண்டிருந்தார். எல்லாம் முறைப்படி நடந்திருக்கும், புகைப்படக்காரர்கள் என்று ஐந்து பேர் இல்லாமலிருந்தால். அவர்களில் தலைவன் போலிருந்தவன் தாடி வைத்த இளைஞன். அக்கா கொஞ்சம் தம்பியைப் பாருங்க, லவ்வா பாருங்க என்றான். லவ் என்ற சொல்லுக்கு இந்த ஊர் கொடுத்த பதினேழாவது உருவம் இது, நான் எண்ணி வைத்திருக்கிறேன். அப்புறம் கேமராவை என் பக்கம் திருப்பினான்.

"சார், கொஞ்சம் எமோஷனல் ஆகுங்க."

நான் அசையாமல் நின்றேன். எமோஷனல் என்பது ஆகிற பொருள் அல்ல, அதைக் கேட்டுப் பெறவும் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் மறுபடி, ஒரு சின்ன ஃபீல் சார், கண்ணு லேசாக் கலங்கினாப் போதும், பொண்ணையும் பையனையும் நெனைச்சுக்கங்க என்றான். மேடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகனுக்கு அவமானமாக இருந்தது, முகத்தில் தெரிந்தது.

அப்போது புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், கையை விடாமல், தலையை மட்டும் அவன் பக்கம் திருப்பினாள்.

"அவரை விட்டுருங்க தம்பி. எங்கப்பாவுக்கு அதெல்லாம் வராது. அவரு எண்ணிட்டிருப்பாரு."

மேடையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். தாடிக்காரன் சலித்துக்கொண்டு கேமராவை வேறு யார்மீதோ திருப்பிக்கொண்டு போனான். அவள் சொன்னது சரிதான். மேடையில் இருந்தவர்களை எண்ணிக்கொண்டுதான் இருந்தேன், முப்பத்து நான்குவரை வந்திருந்தேன். எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன், அவளிலிருந்து.